மலக்குடல் புற்றுநோய்: கத்தி யார் கையில் என்பது எவ்வளவு முக்கியம்?

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு 61 வயது, மலக்குடலில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் வந்திருக்கிறது, கட்டி ஆசனவாயிலிருந்து 6 செ.மீ. உயரத்தில். ஊரில் 25 வருஷமாக ஆபரேஷன் செய்துவரும், குடும்பத்துக்கு நன்கு தெரிந்த ஜெனரல் சர்ஜன் "நானே செய்துவிடுகிறேன்" என்கிறார். இதை மட்டுமே செய்யும் ஆளைத் தேடி வெளியூர் போவதால் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இல்லை அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளின் விளம்பரமா?

வித்தியாசம் உண்டு. 6 செ.மீ. என்றால் நிறையவே உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் சர்ஜன் இல்லை, பேத்தாலஜிஸ்ட். சர்ஜன் வெட்டி எடுத்ததை ஃபார்மலினில் வாங்கி, மேலே மை தடவி, வட்டவட்டமாக நறுக்கி, எங்கே புற்று இருக்கிறது, எங்கே விளிம்பு இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. இந்த ஒரு ஆபரேஷனில் மட்டும், நோயாளியையோ சர்ஜனையோ பார்க்காமலேயே, மேஜையில் கிடக்கும் குடல் துண்டை வைத்து ஆபரேஷன் எப்படி நடந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும். குடல்வாலிலோ பித்தப்பையிலோ அப்படிச் சொல்ல முடியாது.

காரணம் உடலமைப்பு. பெருங்குடல் வயிற்றுக்குள் தாராளமான இடத்தில் கிடக்கிறது. மலக்குடல் அப்படியில்லை, கடைசி 15 செ.மீ. அளவுக்கு இடுப்பெலும்புக் கூட்டுக்குள், முன்னால் மூத்திரப்பையும் ஆண்களுக்கு புராஸ்டேட்டும், பின்னால் முதுகெலும்பின் அடிப்பகுதியும், இரண்டு பக்கமும் சிறுநீருக்கும் உடலுறவுக்குமான நரம்புகளுமாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி ஒரு கொழுப்புப் பொதி, பெயர் மீசோரெக்டம். நிணநீர் முடிச்சுகள், ரத்தக் குழாய்கள் எல்லாம் அதற்குள்தான். அந்தப் பொதியை மூடி ஒரு மெல்லிய சவ்வு. புற்று முதலில் பரவுவது இந்தக் கொழுப்புக்குள்தான், ஆகவே குடலை மட்டும் எடுத்தால் போதாது, பொதியை அந்தச் சவ்வு கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும். பனங்காயிலிருந்து நுங்கைத் தோல் கிழியாமல் நோண்டி எடுப்பதுபோலத்தான், கொஞ்சம் உள்ளே போனால் நுங்கு கிழிந்து தண்ணீர் கொட்டிவிடும், கொஞ்சம் வெளியே போனால் விரல் போகும். இங்கே உள்ளே போனால் புற்று மிச்சமாகிறது, வெளியே போனால் நரம்பு அறுகிறது. குறுகலான ஆண் இடுப்பில், ரேடியேஷன் கொடுத்து இறுகிப்போன திசுவில், ஆசனவாய்க்குப் பக்கத்தில் இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படித்தான் எடுக்க வேண்டும் என்பதே உலகத்துக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. 1908-இல் லண்டனில் மைல்ஸ் வயிற்று வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் சேர்த்து எடுக்கும் முறையை எழுதினார், அதன்பின் பல பத்தாண்டுகள் பெரும்பாலான சர்ஜன்கள் இடுப்புக்குள் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் விரலால் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே இடத்தில் புற்று திரும்ப வருவது நாலு பேரில் ஒருவருக்கு என்கிற அளவில் இருந்ததை நோயின் குணம் என்றே நினைத்தார்கள். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற, மருத்துவ உலகில் அவ்வளவு பெயரில்லாத ஊரில் பில் ஹீல்ட் என்ற சர்ஜன், கண்ணால் பார்த்து, கூர்மையான கருவியால், அந்தச் சவ்வுக்கு வெளியே போகும் தளத்திலேயே பிரித்து முழுப் பொதியையும் எடுக்கலானார். 1982-இல் அதைப் பற்றி எழுதினார். 1986-இல் லான்செட் மருத்துவ இதழில் அவர் கொடுத்த கணக்கில் உள்ளூர் மறுவரவு, அதாவது புற்று அதே இடத்தில் திரும்ப வருவது, 4 சதவீதத்துக்கும் கீழே. பலர் நம்பவில்லை, லேசான நோயாளிகளாகப் பொறுக்கியிருப்பார் என்றார்கள்.

அதே 1986-இல், அதே லான்செட்டில், லீட்ஸைச் சேர்ந்த ஃபிலிப் குவர்க் என்ற பேத்தாலஜிஸ்டின் கட்டுரையும் வந்தது. (எங்கள் ஆள், அதனால் கொஞ்சம் பெருமையாகச் சொல்கிறேன்.) 52 பேரின் குடல் துண்டுகளை நீளவாக்கில் திறந்து பார்ப்பதற்குப் பதிலாகக் குறுக்காக நறுக்கி, பக்கவாட்டு விளிம்பை, அதாவது சர்ஜன் பிரித்தெடுத்த வெளி ஓரத்தை, பார்த்தார். நாலில் ஒரு பங்குக்கு மேல் அந்த விளிம்பிலேயே புற்று இருந்தது, அவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் அதே இடத்தில் திரும்ப வந்தது. ஆக, நோயின் குணம் என்று நினைத்ததில் பெரும்பகுதி உள்ளே விட்டுவந்த புற்றுதான்.

சரி, சர்ஜனுக்கு வருவோம்.

இந்த விஷயத்தில் நான் முதலில் எடுத்துக்காட்டுவது கனடாவின் எட்மன்டன் நகரக் கணக்கை. 1983 முதல் 1990 வரை அந்த நகரின் 5 ஆஸ்பத்திரிகளில் மலக்குடல் புற்றுக்கு ஆபரேஷன் ஆன 683 பேரைப் பின்தொடர்ந்து 1998-இல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்தவர்கள் மொத்தம் 52 சர்ஜன்கள். இந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரியாக 13, அதுவும் எட்டு வருஷத்தில்! பெருங்குடல்-மலக்குடலுக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவர்கள் 5 பேர், அவர்கள் செய்தது 109 ஆபரேஷன். அந்தப் பயிற்சி இல்லாதவர்களிடம் போனவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்புவது சுமார் 2.5 மடங்கு, அந்தக் காலம் முழுக்க 21-க்கும் குறைவாகச் செய்தவர்களிடம் போனவர்களுக்கு 1.8 மடங்கு. நோயின் நிலை, கூடுதல் சிகிச்சை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இது நின்றது. அந்த நோயால் இறப்பதிலும் இதே போக்கு, அளவு மட்டும் குறைவு, 1.5 மடங்கும் 1.4 மடங்கும்.

இதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, பயிற்சியும் எண்ணிக்கையும் தனித்தனியாக வேலை செய்தன. நிறையச் செய்கிறவர் என்பதாலேயே பயிற்சி இல்லாத குறை மறைந்துவிடவில்லை, பயிற்சி இருப்பதாலேயே கை விட்டுப்போவது ஈடுகட்டப்படவும் இல்லை. இரண்டாவது, 21 என்ற அந்தக் கோடு. வருஷத்துக்கு மூன்றுகூட வராது. நாம் பேசிக்கொண்டிருப்பது ஏதோ வருஷத்துக்கு 200 செய்யும் நட்சத்திர டாக்டருக்கும் 100 செய்பவருக்கும் உள்ள வித்தியாசம் அல்ல, எப்போதாவது ஒன்று செய்பவருக்கும் வழக்கமாகச் செய்பவருக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் ஊர் டாக்டரின் 25 வருஷ அனுபவத்தில் ஹெர்னியாவும் பித்தப்பையும் ஆயிரக்கணக்கில் இருக்கும், சந்தேகமேயில்லை, ஆனால் அந்த எண்ணிக்கை இந்த ஆபரேஷனுக்குக் கைகொடுக்காது.

இதற்கு முன்பே ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் ஒரு கணக்கு வந்து பெரிய சலசலப்பை உண்டாக்கியது. ஒரே ஆஸ்பத்திரி, 1974 முதல் 1979 வரை, 13 சர்ஜன்கள், பெருங்குடலும் மலக்குடலும் சேர்த்து 645 நோயாளிகள். முழுசாக எடுத்தாயிற்று என்று சொல்லப்பட்டவர்களில் பத்து வருஷம் உயிரோடிருந்தவர்கள் ஒரு சர்ஜனிடம் 20 சதவீதம், இன்னொருவரிடம் 63 சதவீதம். ஒவ்வொரு சர்ஜனிடமும் நோயாளிகள் குறைவுதான் என்பதால் இந்த எண்களைச் சற்றுத் தள்ளிவைத்தே பார்க்க வேண்டும், ஆனாலும் ஒரே கட்டடத்துக்குள் இவ்வளவு இடைவெளி என்பது யாரையும் உறுத்தும். 1991-இல் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகு "சர்ஜன் என்பவரும் ஆராய வேண்டிய ஒரு காரணி" என்று பேசுவதற்கு யாரும் கூச்சப்படவில்லை.

ஆனால் இது பிறவித் திறமை சம்பந்தப்பட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் அதைத் தெளிவாகக் காட்டிவிட்டது. 1990-களின் நடுவில் ஹீல்டையே அங்கே அழைத்து, அந்த வட்டார சர்ஜன்களுக்கு ஆபரேஷன் தியேட்டரிலேயே செய்து காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள், பேத்தாலஜிஸ்டுகளையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அதற்கு முன் அதே வட்டாரத்தில் நடந்த இரண்டு ரேடியேஷன் ஆய்வுகளில் உள்ளூர் மறுவரவு 15, 14 சதவீதம். பயிற்சிக்குப் பிறகு 6. மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரப் பை வைக்கும்படி ஆசனவாயையே எடுத்துவிடும் ஆபரேஷன் முன்பு 60, 55 சதவீதம், பிறகு 27. ஊரும் மாறவில்லை, மருந்தும் புதிதில்லை. அதன் பிறகும்கூட, வருஷத்துக்கு 12-க்கு மேல் செய்த ஐந்து சர்ஜன்களிடம் மறுவரவு 4 சதவீதம், மற்றவர்களிடம் 10 என்று 2002-இல் அவர்களே எழுதினார்கள். சொல்லிக்கொடுத்தால் எல்லோரும் முன்னேறுகிறார்கள், அடிக்கடி செய்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னே போகிறார்கள்.

நார்வே இதையே தேச அளவில் செய்தது. 1993-இல் மலக்குடல் புற்றுக்கென்று தனிப் பதிவேடு தொடங்கி, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அதன் சொந்தக் கணக்கை, நாட்டுச் சராசரியோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். தன் எண்ணைத் தானே பார்க்கும்போது வரும் கூச்சத்துக்கு எந்தச் சட்டமும் ஈடில்லை என்று எனக்குத் தோன்றும். அங்கேயும் முறையைச் சீராக்கிய பிறகு பார்த்தபோது, வருஷத்துக்கு 30-க்கு மேல் செய்த ஆஸ்பத்திரிகளில் ஐந்து வருஷ உள்ளூர் மறுவரவு 9.2 சதவீதம், 10-க்கும் கீழே செய்தவற்றில் 17.5.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் விளம்பரம் செய்தவனாகிவிடுவேன். 2012-இல் இந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த காக்ரேன் தொகுப்பில், மலக்குடலைப் பொறுத்தவரை ஐந்து வருஷ உயிர்வாழ்வு அதிகம் செய்யும் ஆஸ்பத்திரிகளில் மேலாக இருந்தது, ஆனால் தனி சர்ஜனின் எண்ணிக்கைக்கும் உயிர்வாழ்வுக்கும் தெளிவான தொடர்பு வரவில்லை. நிரந்தரப் பை வைப்பது மட்டும் நிறையச் செய்யும் சர்ஜனிடமும் சிறப்புப் பயிற்சி பெற்றவரிடமும் குறைவாக இருந்தது. இதை நான் எப்படிப் புரிந்துகொள்கிறேன் என்றால், சர்ஜன் ஒரு ஆள், ஆனால் வேலை ஒரு கூட்டத்தினுடையது. எம்.ஆர்.ஐ. படிப்பவர், ரேடியேஷன் டாக்டர், தைத்த இடத்தில் கசிவு வந்தால் (கீழே தைக்கும்போது நல்ல கையிலும் வரும்) ராத்திரி இரண்டு மணிக்கு அதைக் கண்டுபிடிக்கும் நர்ஸ், ஐ.சி.யு., பையைப் பராமரிக்கச் சொல்லித்தருபவர், அப்புறம் துண்டை ஒழுங்காக நறுக்கும் பேத்தாலஜிஸ்ட். ஒரு நல்ல சர்ஜன் தனியாக ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வந்து செய்துவிட்டுப் போவது அதனால்தான் எனக்கு அரை மனசாகவே இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் நார்வேயிலிருந்தே. ஆசனவாய் வழியாகக் கருவி செலுத்திக் கீழிருந்து மேலாகப் பொதியைப் பிரிக்கும் புதிய முறை ஒன்று 2010-களில் பரபரப்பாகப் பரவியது. நார்வேயில் 7 ஆஸ்பத்திரிகளில் 157 பேருக்குச் செய்தபோது, இரண்டரை வருஷத்துக்குள் மறுவரவு சுமார் 11.6 சதவீதம் என்று கணக்கிட்டார்கள், வழக்கமான முறையில் அது 2.4. நிறுத்திவைத்துவிட்டார்கள். செய்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. பழகிய ஆபரேஷனில் சேர்த்த எண்ணிக்கை புது முறைக்கு அப்படியே கைமாறுவதில்லை என்பதுதான் விஷயம். ஆகவே "ரோபோட் இருக்கிறது", "புது டெக்னிக்" என்று சொன்னால் மயங்க வேண்டாம், அந்த முறையில் அவர் எத்தனை செய்திருக்கிறார் என்று கேளுங்கள்.

எத்தனை இருந்தால் போதும்? நாடுகள் வைத்திருக்கும் வரம்புகள் ஆச்சரியமாகக் குறைவு. இங்கிலாந்தில் 2020 வழிகாட்டுதலில் ஆஸ்பத்திரிக்கு வருஷம் 10, சர்ஜனுக்கு 5. நெதர்லாந்தில் ஆஸ்பத்திரிக்கு 20. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் உள்ளிட்ட மூன்று பெரிய நிறுவனங்கள் 2015-இல் தாங்களே போட்டுக்கொண்ட உறுதிமொழியில் ஆஸ்பத்திரிக்கு 15, சர்ஜனுக்கு 6. இவையெல்லாம் "இதற்குக் கீழே செய்யாதீர்கள்" என்ற தரைமட்டம், சிறப்பின் அடையாளம் இல்லை. என்னைக் கேட்டால் மாதம் ஒன்று இரண்டாவது தொடர்ந்து செய்பவரிடம் போங்கள் என்பேன், அதற்கு மேல் எண்ணிக்கையைத் துரத்துவதில் பெரிதாகப் பயனில்லை.

நம்மூரில் இந்த ஆபரேஷனை எம்.எஸ். முடித்த ஜெனரல் சர்ஜனும் செய்கிறார், அதற்கு மேல் எம்.சிஎச். முடித்த சர்ஜிகல் கேஸ்ட்ரோவும் (வயிறு, குடல், கல்லீரல் சர்ஜன்) செய்கிறார், சர்ஜிகல் ஆங்காலஜிஸ்டும் (புற்றுநோய் சர்ஜன்) செய்கிறார். பட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, கேஸ்ட்ரோ சர்ஜன் ஒருவர் கல்லீரலிலேயே முழு நேரமும் இருக்கலாம், ஆங்காலஜிஸ்ட் ஒருவர் வாய்ப்புற்றிலும் மார்பகப் புற்றிலும் இருக்கலாம். அதனால் நேராகக் கேளுங்கள், "டாக்டர், போன வருஷம் மலக்குடல் மட்டும், பெருங்குடலைச் சேர்க்காமல், எத்தனை செய்தீங்க? அதில் எத்தனை பேருக்கு நிரந்தரப் பை வைக்க வேண்டி வந்தது? எத்தனை பேருக்குக் கசிந்தது?" சரியான எண் அவர் நாக்கு நுனியில் இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் அதை எண்ணிப் பார்த்திருப்பவர் யார், பார்க்காதவர் யார் என்பது பதிலின் தொனியிலேயே தெரிந்துவிடும். கேட்டதற்கே கோபப்பட்டால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். "எனக்குக் கசிவே வந்ததில்லை" என்றாலும் எழுந்துவிடலாம்.

அதைவிட எனக்கு முக்கியம், அவர் ஆஸ்பத்திரியின் பேத்தாலஜி ரிப்போர்ட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பது. பக்கவாட்டு விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்க வேண்டும், 1 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்று விளிம்பைத் தொட்டதாகவே கணக்கு. மீசோரெக்டம் முழுமையாக வந்திருக்கிறதா, ஏறக்குறைய முழுமையா, அல்லது கிழிந்திருக்கிறதா என்று தரம் போட்டிருக்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. பிரிட்டனை மையமாக வைத்து நடந்த பெரிய ஆய்வொன்றில் நல்ல தளத்தில் வந்த துண்டுகளுக்கு மூன்று வருஷ மறுவரவு 4 சதவீதம், இடைத்தரத்துக்கு 7, குடல் தசை வரை கிழிந்து வந்தவற்றுக்கு 13. இந்தத் தரத்தை எழுதும் ஆஸ்பத்திரியில் சர்ஜன் தினமும் தன் வேலைக்கு மார்க் வாங்குகிறார். எழுதாத ஆஸ்பத்திரியில் எண்ணிக்கை நூறாக இருந்தாலும் அது நல்ல நூறா என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் அப்பாவுக்கு இப்போது செய்ய வேண்டியது, கத்தி பற்றிப் பேசும் முன் இடுப்புக்கு நல்ல எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பது. சி.டி. போதாது, பொதியின் சவ்வை எட்டியிருக்கிறதா என்பது எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். அதைப் பார்த்துத்தான் முதலில் ரேடியேஷன், கீமோ தேவையா என்று முடிவாகும். சிலருக்கு அதிலேயே கட்டி முழுக்கக் கரைந்து, ஆபரேஷனே இல்லாமல் கண்காணிப்பில் வைப்பதும் உண்டு, பிரேசிலின் ஹபர்-காமா தொடங்கிவைத்த வழி அது, ஆனால் விடாமல் சோதித்துப் பார்க்கும் இடத்தில்தான் அதைச் செய்ய வேண்டும். எம்.ஆர்.ஐ. இல்லாமல் "அடுத்த வாரம் ஆபரேஷன்" என்று யார் சொன்னாலும், ஊர் டாக்டரோ கார்ப்பரேட் ஆஸ்பத்திரியோ, நிறுத்திவிடுங்கள்.

அவசரம் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் எடுத்து இன்னொரு கருத்து கேட்பதால் நோய் கைமீறிப் போகாது. விதிவிலக்கு, குடல் அடைத்துக்கொண்டு வயிறு உப்பி வாந்தி எடுத்தால், அப்போது உங்கள் ஊர் சர்ஜனே மிகச் சரியான ஆள், கட்டியைத் தொடாமல் மேலே ஒரு ஸ்டோமா (குடலை வயிற்றுத் தோலில் திறந்துவிடும் வழி) மட்டும் போட்டு மூச்சு விடவைத்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டி 12-15 செ.மீ. உயரத்தில், கிட்டத்தட்டப் பெருங்குடலோடு சேரும் இடத்தில் இருந்திருந்தால் நான் இவ்வளவு வலியுறுத்தியிருக்க மாட்டேன், அங்கே நல்ல ஜெனரல் சர்ஜன் பலருக்கும் கை ஓடும்.

செலவும் அலைச்சலும் எனக்குப் புரிகிறது. வெளியூரில் செய்ய வேண்டியது ஆபரேஷனும், சிகிச்சையைத் திட்டமிடுவதும்தான். பின்னால் கீமோ பெரும்பாலும் பக்கத்து ஊரிலேயே எடுக்கலாம். ரேடியேஷன் ஐந்து வாரம் என்றால் அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கும், ஆனால் ஐந்தே நாளில் முடிக்கும் முறையும் நிரூபிக்கப்பட்டது, அப்பாவுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தெந்த ஆஸ்பத்திரியில் எதற்கெல்லாம் செல்லும் என்று போவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

உங்கள் ஊர் டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். நேராகவே சொல்லுங்கள், "சார், கட்டி ரொம்பக் கீழே இருக்கு, நீங்களே ஒரு ஆளைச் சொல்லுங்க". நல்ல டாக்டருக்கு இது அவமானமாகப் படாது, பெரும்பாலும் அவரே போன் போட்டுப் பேசுவார். போகும்போது ஆசனவாயிலிருந்து தூரம் எழுதியிருக்கும் கொலோனோஸ்கோபி ரிப்போர்ட், எம்.ஆர்.ஐ., சி.டி. சிடிக்கள் (பிரிண்ட் மட்டும் போதாது), சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, அப்புறம் பயாப்ஸியின் கண்ணாடித் தகடுகளும், திசுவைப் பதித்துவைத்த மெழுகுத் துண்டும். கடைசியாகச் சொன்னதை லேபில் கேட்டு, ரசீது போட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுப்பார்கள். அது கையில் இருந்தால் அங்கே திரும்ப பயாப்ஸி எடுக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம்.